வாடகைக் கோட்டு

கண்ணுகளா, பீரோவில் தொங்குகிற அந்தப் பழைய காக்கிக் கோட்டை எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். முகத்தைப் புதைத்துப் பாருங்கள், இன்றைக்கும் காப்பித் தொலியும் கற்பூரமும் கலந்த வாசம் வரும். உங்கள் தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. குப்பனூரிலிருந்து மலைக்குப் பிழைக்க வந்து, எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்குக் காவலாக இருந்த அவர், பனிக்காலமெல்லாம் அதைத்தான் போட்டிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஏழாவது படித்தபோது, ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிக்கு வாத்தியார் எனக்கு ஓர் அமெரிக்கக்காரர் வேஷத்தைக் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முந்தியவர். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி, அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் சண்டை போட்டு, பிறகு வக்கீலுக்குப் படித்து, தேர்தலில் நின்று ஜெயித்தவர்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "ஏங் கண்ணு, அவரும் நம்மளாட்டம் பொழைக்க வந்த பட்டாளத்தாளா? அப்பறம் என்ன, நம்ம கோட்டையே போட்டுக்க சாமி!" கை நீளத்தை மடித்து ஊக்குக் குத்தி, சல்யூட் அடிக்கவும் பழக்கினார். "வெறப்பா நில்லு. வக்கீலான பொறவு வளைஞ்சுக்கலாம்" என்று கிண்டல் வேறு.

"பிழைக்க வந்தவன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை" என்று வாத்தியார் எழுதிக்கொடுத்த கடைசி வரியை மேடையில் முழங்கினேன். கைதட்டல். பரிசு கொடுக்க வந்திருந்த எஸ்டேட்டின் புது மேனேஜர், "கோட்டு நெசமாவே பட்டாளத்துக் கோட்டாட்டம் இருக்குதே, யாருதுப்பா?" என்றார். முன்வரிசையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் மகன் உட்கார்ந்திருந்தான். என்னைக் "காவக்காரன் பையன்" என்றே கூப்பிடுகிறவன்.

"வாடகைக்குங்க. சேலத்துல எடுத்ததுங்க" என்றேன்.

அந்தக் கோட்டை ஊரே அறியும். சிரித்தார்கள். சிரிக்காமல் ஜன்னலோரம் நின்றவர் அப்பா ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நல்லாப் பேசுனே கண்ணு. கோட்டைப் பதனமா மடிச்சு வெய்யி, வாடகைக் கோட்டு கிழிஞ்சிரப் போவுது" என்றார். மறுநாள் பனியில் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கோட்டைப் போட்டு நான் பார்த்ததில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது அவரும் இல்லை, களமும் இல்லை. அங்கே லாட்ஜுக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. நீங்கள் கேட்டதற்கு மறுநாள், உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போனேன். பக்கத்தில் ஆளில்லை. விறைப்பாக நின்று, "எங்கப்பாவுதுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.