பிரிஜெட்டின் சைக்கஸ் பூத்த கோடை

“மூக்கு உன்னுது. நாத்தம் புடிக்கலன்னா அதை அறுத்துப் போடு, பாஞ்சாலி. என் மரத்துமேல எவளும் கை வெக்கக் கூடாது!”

போன கோடையில் பிரிஜெட் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் மேல் இப்படித்தான் பாய்ந்தாள். ஒக்கலிபுரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை ஒட்டி அவளுடைய சைக்கஸ் மரம். பார்த்தால் பனையும் ஈச்சமும் கலந்த மாதிரி இருக்கும், இரண்டுமே இல்லை. அவள் அப்பா நட்டபோது முழங்கால் உயரமாம். வருஷத்துக்கு ஒருமுறைதான் துளிர்க்கும். இலையெல்லாம் பூனை வால் மாதிரி சுருண்டு ஒன்றாய்க் கிளம்பும். விரிந்ததும் தகடாய் இறுகிவிடும். அப்படி வளர்ந்து வளர்ந்து இப்போது ஓட்டுக்கு மேலே போய் நிற்கிறது.

அந்த இலையில்தான் பிரிஜெட் வயிறு வளர்க்கிறாள். சாவு வீடுகளுக்கு மலர் வளையம் கட்டுவது தொழில். கல்லறைக்குப் போகிறவரை வாடாத இலை இது ஒன்றுதான் என்பாள். கல்யாணம் கட்டவில்லை. குளிப்பதும் எப்போதாவதுதான். மீன் கழுவின தண்ணியை மரத்தடியில் கொட்டுவாள். ஈ மொய்த்துக்கொண்டு என் சோற்றுப் பானை வரைக்கும் வரும். என் புருஷன் செத்த அன்றைக்கு மட்டும் கூப்பிடாமலே வளையத்தோடு வந்து நின்றாள். அதற்காக நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

போன கோடையில்தான் அந்த மரம் பூத்தது. பூவா அது! உச்சியில் ஆரஞ்சு நிறத்தில், கைக்குழந்தை அளவுக்கு ஒரு செதில் கதிர். அழுகின அன்னாசிக்குள் எலி செத்த மாதிரி வாடை. மஞ்சள் தூள் உதிர்ந்து இலையெல்லாம் அப்பிக்கொண்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த இலையையே வெட்டி, தூளைக்கூடக் கழுவாமல், ஒரு வாத்தியார் சாவுக்கு வளையம் கட்டிக் கொண்டுபோனாள். நானும் போயிருந்தேன். வளையத்தை அவர் நெஞ்சில் வைத்ததுதான் தாமதம், எல்லார் கையும் மூக்குக்குப் போனது. பிணம் நாறுகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரனுக்குத் திட்டு விழுந்தது. அப்பனுக்குக் கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்த மகள் சோஃபியா, குமட்டிக்கொண்டு விலகினாள். அவசரமாய்ச் சவப்பெட்டியை மூடினார்கள். பிரிஜெட் தலை நிமிரவே இல்லை.

அவளுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிறவன் சவப்பெட்டிக் கடை ஓஸ்வால்ட். மறுநாள் வாசலில் நின்று கத்தினான்.

“ஆன்ட்டி, அந்தக் கருமத்த அறுத்துப் போடு. இல்லன்னா இனிமே ஒரு ஆர்டரும் கெடையாது.”

“பூவோட சேத்து உச்சிய அறுத்தா அடுத்த வருஷம் இலை எங்கேர்ந்துடா வரும்? உன் மண்டையிலேர்ந்தா?”

“அப்போ நாத்தத்தோட நீயே குந்திக்கோ!”

நானும் விடவில்லை. “இப்பவாவது அறுடி. செத்தவனுக்குக்கூட உன்னால நிம்மதி இல்ல.”

பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். ரம்பம் வாங்கத்தான் போகிறாள் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. சாயங்காலம் வந்தவள் ஏணி போட்டு ஏறி, பூவின் மேல் தலையணை உறை ஒன்றை மாட்டி, அடியில் சணலால் இறுக்கினாள். பிறகு இலைகளைச் சோப்புத் தண்ணியில் துடைத்தாள்.

“பூ காயறவரைக்கும் இப்படியே இருக்கட்டும்,” என்றாள்.

ஓஸ்வால்ட் வந்து இலையை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு வளையத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான். என் பக்கம் வாடை பாதிகூட அடங்கவில்லை. பிரிஜெட் படுக்கிற தலையணை உறையே இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துக் கிடக்கிறது. மரத்துக்கு மட்டும் ரோஜாப்பூ போட்ட புது உறை. நூற்றெண்பது ரூபாய்.