மதிப்புரைக்கு ஒரு பிரதி

மட்டாஞ்சேரியில் நாங்கள் ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து நடத்திய தமிழ்ச் சிற்றிதழை எங்கள் தெருவிலேயே யாரும் படிக்கவில்லை. பிள்ளைகளுக்கு மலையாளம்தான் ஓடும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மதிப்புரைப் பத்திரிகையைத்தான் நம்பியிருந்தோம். அதில் நாலு வரியும் முகவரியும் வந்தால்தான் இப்படியோர் இதழ் இருப்பதே வெளியே தெரியும். அந்த நினைப்பில் அவர்கள் பண்ணிய அதிகாரம் கொஞ்சமல்ல. பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் மாதிரி எழுதுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் இதழில் என் முதல் கதை வந்தது. நான் தோப்பும்படியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் இருந்தேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். மதிப்புரையில் நல்லதாக ஒரு சொல் வந்தால் தொடர்ந்து எழுதுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தது. ‘கதையில் முதிர்ச்சி இல்லை. நடையில் மலையாள வாடை.’

விட்டுவிட்டேன்.

எங்கள் ஆசிரியர் சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டலில் சாயா போடுகிறவர். அடுத்த இதழுக்குக் கதை கேட்டார். இல்லை என்றேன். முறைத்துவிட்டு, பக்க அளவு பார்க்கப் பழைய டம்மியைத் தேடினார். டம்மி என்றால் வெறும் தாளை மடித்து, மேலே அசல் அட்டையைப் போட்டுப் பின் அடிப்பது. கையில் கிடைத்ததைப் பிரித்தார். உள்ளே முழுக்க எழுத்து. முதல் பக்கத்தில் ‘மதிப்புரைக்கு’ என்று அவர் கையெழுத்து.

“எடா, தபால்ல போனது டம்மியாக்கும்!”

“அப்ப என் கதை?”

“ஆரு படிச்சா? உள்ள வெறும் தாளு. அட்டையில மட்டாஞ்சேரின்னு கண்டதும் அவனுக்கு மலையாள வாடை அடிச்சிருக்கு!”

“நான் எழுதறதையே விட்டுட்டேண்ணே.”

“வெறும் தாளத் திட்டினதுக்கு உனக்கென்னடா ரோஷம்?”

அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். படிக்காமலே மதிப்புரை எழுதிப் பெரிய மனிதராகிவிட்ட ஒருவரின் கதை. ஆளை அடையாளம் தெரியாமல் மறைக்கக்கூட இல்லை. இந்த முறை ஆசிரியர் பிரித்துப் பார்த்துவிட்டே உறையில் போட்டார்.

மதிப்புரை வந்தது. ‘எளிய மனிதர்களின் வாழ்வைச் சொல்லும் கதை. சென்ற இதழைவிட நல்ல வளர்ச்சி.’

ஆசிரியர் ஹோட்டலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மதிப்புரைக்குக் கீழே போட்ட முகவரியைப் பார்த்து, சேலத்திலிருந்து ஒருவர் பிரதி கேட்டுக் கார்டு போட்டார். அனுப்பினோம். ‘கதையில் வரும் மதிப்புரைக்காரர் யார் என்று எனக்குத் தெரியும்’ என்று பதில் வந்தது.

அந்த ஒருவர் படித்திருந்தார். அவருக்காக அடுத்த கதையைத் தொடங்கினேன்.