இடைவேளைக்குப் பிறகு வேறு குரல்

ஒரு ஹாலிவுட் சிரிப்புப் படத்துக்கு நான் தமிழ் வசனம் எழுதினேன். மனைவி வீட்டாருக்குப் பயந்து ஓடி ஒளியும் ஒரு குண்டு மனிதனின் கதை. அவனுக்குக் குரல் கொடுத்தவன் என் நண்பன். சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தோம். அவனுக்குக் கடலூர் மாவட்டத்தில் குமராட்சிப் பக்கம். சென்னையில் இந்த டப்பிங் வேலைக்கு என்னை இழுத்து வந்ததே அவன்தான்.

"இந்த ஆளு நம்மூரு பேச்சு பேசட்டும் மச்சான்" என்றான்.

படத்தை வாங்கியிருந்தவருக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரன் வாயில் கடலூர்ப் பேச்சா என்று முகத்தைச் சுளித்தார். இவன் நேராக மைக் முன்னால் போய் நின்றான்.

"ஏம்மா, ஒங்கண்ணன் வராருன்னு முன்னாடியே சொல்ல மாட்டியா? எங்கியாவது போய்த் தொலைஞ்சிருப்பன்ல."

அவரே சிரித்துவிட்டார்.

இடைவேளைக்கு முந்தைய காட்சியில் அந்தக் குண்டு மனிதன் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு மூச்சு வாங்குவான். அதை நண்பன் ஒரே டேக்கில் முடித்தான். சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மறுநாள் ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலேயே நண்பனுக்கு மாரடைப்பு. கடலூரில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

மிச்சப் படத்துக்கு ஒரு மிமிக்ரி கலைஞர் பேசினார். வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

படம் நன்றாக ஓடியது, எங்கள் மாவட்டத்தில் இன்னும் ஜாஸ்தி. அவன் மனைவி போன் செய்தாள்.

"படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களாண்ணே? தனியா போவ பயமா இருக்கு."

கடலூரில் மேட்னி ஷோ. பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் அவன் வசனங்களைத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டாள். அலமாரிக் காட்சியில் தியேட்டரே குலுங்கியது. அவள் கை மட்டும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

இடைவேளைக்குப் பிறகு முதல் வசனத்திலேயே கண்ணைத் திறந்தாள்.

"இது அவுரு இல்ல."

"இல்லம்மா. கெளம்பலாமா?"

"வேணாம்."

அதன்பிறகு முன்பின் தெரியாதவர்களின் கல்யாண வீடியோவைப் பார்ப்பதுபோல் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அலமாரில மூச்சு வாங்குறது நடிப்பாண்ணே? கடைசி மாசமெல்லாம் மாடிப்படி ஏறி வந்தா அவுருக்கு அப்பிடித்தான் வாங்கும்."

நாங்கள் எல்லோரும் அதை நடிப்பு என்றுதான் நினைத்திருந்தோம்.

இறங்கும்போது, பாட்டு, சத்தம் எதுவும் இல்லாமல் அவர் குரல் மட்டும் கிடைக்குமா என்று கேட்டாள். இன்ஜினியரிடம் கெஞ்சி ஒரு பென் டிரைவில் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மறுபடியும் போன் செய்தாள்.

"வசனத்துக்கு நடுவுல உங்ககிட்ட பேசுறாருண்ணே. 'மச்சான், கொஞ்சம் தண்ணி குடு'ங்கறாரு. குடுத்தீங்களா?"

"குடுத்தேம்மா" என்றேன்.

கொடுத்ததாகத்தான் ஞாபகம். என்னிடம் இருக்கும் பிரதியை நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை.