கொடிக்கால் படலில் கழற்றிய பூட்ஸ்

வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழையக் கூடாது. சோழவந்தானில் வெற்றிலை பயிரிடும் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். செருப்புப் பட்டால் கொடி அழுகிவிடும் என்று நம்பினோம். என்னைப் பெற்ற அப்பனே ஆனாலும் மூங்கில் படலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இதற்காக ஆளை அடித்திருக்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம். மலேரியாக் கொசுவை ஒழிக்கிறோம் என்று பட்டாளத்து விமானம் ஒன்று வைகைக் கரை வயல்களின் மேல் தென்னை உயரத்தில் பறந்து மருந்துப் பொடி தூவியது. காற்று அடித்தால் பொடி முழுக்க என் வெற்றிலை மேல்தான். மதுரை கோரிப்பாளையத்து வெற்றிலைக் கடை பாய் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். "மருந்து வாடை அடிக்குதுண்ணே. இத யாரு வாயில போடுவா?" அடுத்த தடவை விமானம் தலைக்கு மேல் வந்தபோது அண்ணாந்து பார்த்து, "நாசமாப் போறவனே, விழுந்து தொலைடா" என்று கத்தினேன்.

மூன்றாம் நாள் காலை அது விழுந்தது. திரும்பும்போது இறக்கை தென்னையில் அடித்து, மட்டையும் குலையும் தெறித்தன. நானும் என் மனைவியின் தம்பியும் படலருகே நின்றிருந்தோம். கண்ணெதிரே விமானம் என் கொடிக்காலுக்குள் பாய்ந்து, கொடி படர்ந்திருந்த அகத்தி மரங்களை வரிசையாக முறித்துக்கொண்டு போய்க் குப்புறக் கவிழ்ந்தது. உள்ளிருந்து ஓர் அலறல். நான் மரம்போல நின்றேன். மைத்துனன் வெறுங்காலோடு ஓடினான்.

"மச்சான், வெள்ளக்காரப் பையன்! உசுரு இருக்கு! காலு நசுங்கிக் கெடக்கு. ஒத்த ஆளால தூக்க முடியல, வாங்க!"

அதற்குள் சாலையில் மருந்து லாரியோடு நின்ற இரண்டு சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். பூட்ஸ். அதற்கு மேல் காலைச் சுற்றிக் கட்டிய பட்டித் துணி வேறு. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. விமானமே உள்ளே விழுந்து கிடக்கிறது, நான் அகத்தி கழிக்கிற அரிவாளோடு படலை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

"கழட்டுங்கடா!"

முன்னால் வந்தவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அரிவாளைத் திருப்பிப் பின்புறத்தால் அவன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். மண்டை உடைந்து ரத்தம் கண்ணில் வழிய, அங்கேயே சரிந்தான். அடுத்தவன் என் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து பட்டியை அவிழ்க்க ஆரம்பித்தான். அவசரத்தில் பூட்ஸ் கயிறு முடிச்சு விழுந்துகொண்டது.

"மச்சான், பெட்ரோலு ஒழுகுது! வாங்க மச்சான்!"

சிப்பாய் ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தான். மற்றதில் கை வைக்கும்போது விமானம் குப்பென்று பற்றியது. மைத்துனன் இரண்டு கையும் எரிய வெளியே ஓடி வந்தான். மண்ணை வாரி அவன் மேல் போட்டேன். அந்தப் பையனின் அலறல் தீக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. சிப்பாய் ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

சிப்பாயை அடித்ததற்கு எனக்கு ஆறு மாதம் ஜெயில். கொடிக்காலுக்குள் விடாமல் மறித்ததைப் பற்றிக் கோர்ட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

விடுதலையாகி நேரே கொடிக்காலுக்குப் போனேன். மைத்துனன் படலருகே உட்கார்ந்திருந்தான். விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. உள்ளே ஒரு கொடிகூட இல்லை, கருகின அகத்திக் கட்டைகள்தான். நான் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே உள்ளே நடந்தேன்.

அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத அன்னைக்குச் செஞ்சிருக்கலாம்ல மச்சான்" என்றான்.