பதினோரு விநாடி கூடுதல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அண்ணியும் சாட்சி. பேய் என்றாலே நடுராத்திரி என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எங்களுக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு.

அண்ணி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுப்பவர். நோயாளிகள் வீட்டிலிருந்தே பார்த்துப் பழக, அவருடைய மருத்துவமனை பத்து வீடியோ கேட்டிருந்தது. ஒவ்வொரு விரலும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதால் ஃபோர்-கே தரத்தில்தான் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும். அண்ணனுக்குக் கப்பல் வேலை. ஆறு மாதத்துக்கு வரமாட்டார். ஆக, கேமராவுக்கு நான். அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பின்னறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, இரண்டு விளக்கு. ஒரே ஒரு கேமரா.

செவ்வாய்க்கிழமை முதல் வீடியோ எடுத்தோம். என் கம்ப்யூட்டரில் அதன் நீளம் 14:20. இணையத்தில் ஏற்றிய பிறகு பார்த்தால்... 14:31.

பதினோரு விநாடி எங்கிருந்து வந்தது?

குறைந்த தரத்தில் ஓட்டினேன். அந்தப் பதினோரு விநாடியும் வெறும் கறுப்பு. ஃபோர்-கேவில் ஓட்டினால் சரியாக 14:20-ல் நின்று வட்டம் சுற்றியது. வை-ஃபை படுத்துகிறது என்று நினைத்துக் கேபிள் மாட்டினேன். பிரவுசரை மாற்றினேன். புது மெமரி கார்டு போட்டு, அண்ணியை உட்காரவைத்து, மறுபடி எடுத்து ஏற்றினேன். அதிலும் அதே பதினோரு விநாடி கூடுதல். தரம் கூடினால் தயாராக நேரம் எடுக்கும்தானே? காத்திருந்தேன்.

மணி 3:12. வட்டம் நின்றது. படம் வந்தது.

எங்கள் பின்னறைதான். ஆனால் எனக்குப் பின்னாலிருந்து எடுத்தது. என் முதுகு. நான் கேமரா மேல் குனிந்திருக்கிறேன். எனக்கு அப்பால் அண்ணி விரல்களை மடக்கி நீட்டுகிறார்...

படம் எடுக்கும்போது எனக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர்.

"அண்ணி, எனக்குப் பின்னாடி உங்க போனை எங்கயாவது வெச்சீங்களா?"

"நான் எதுக்கு வைக்கணும்?" அண்ணி என்னையே பார்த்தார். "கேமரா உன் கையில, கம்ப்யூட்டர் உன் கையில. என் பொழப்புல வெளையாடுறியா தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் மட்டும் யோக்கியமா? அன்று மாலை அவர் சமையலறையில் இருந்தபோது அவர் போனைத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அவரோ எனக்குத் தெரியாமல் வீடியோ கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

புதன்கிழமை என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தானே எடுத்து, தானே ஏற்றினார்.

சரியாக 3:12. என் போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"கடையில."

"பொய் சொல்லாத."

"சத்தியமா கடையிலதான் அண்ணி. என்ன ஆச்சு?"



"வீடியோ கடைசியில நான் உக்காந்திருக்கேன். தலையில துண்டோட. வீடியோவை ஏத்திட்டு அப்புறம்தான் நான் குளிக்கவே போனேன்..."

ஓடினேன். அண்ணி தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். ஈரத் தலை. இருவரும் உள்ளே போய் மறுபடி ஓட்டினோம்.

ஒன்றாவது விநாடி. அண்ணியின் முதுகு. தலையில் துண்டு.

நான்கு. இன்னும் கிட்டே.

ஏழு. மூச்சுச் சத்தம்.

பத்து. துண்டின் இழைகள்...

பதினொன்று. துண்டு மெல்லச் சரிந்தது.

"துண்டு எங்க அண்ணி?"

அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

துண்டு சுவரோரம் கிடந்தது.

மடித்து.

அன்றே மூட்டை கட்டினோம். மீதி வீடியோக்களை மருத்துவமனை அறையிலேயே எடுத்தோம். ஒரு விநாடிகூடக் கூடவில்லை. வெள்ளிக்கிழமை பத்தும் போய்ச் சேர்ந்தன. போனைத் துழாவியதை நான் சொன்னேன். "திருட்டுப்பயலே" என்று அண்ணி சிரித்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெண் கூப்பிட்டார். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் வயலின் டீச்சராம். பின்னறையில் பாடம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிறாராம். தன் வீடியோவின் கடைசியில் யாரோ இருவர் வருவதாக வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார். அவர்தான் எங்களை அடையாளம் சொல்லி, என் நம்பரைக் கொடுத்தாராம்.

"பழசு ஏதாவது எப்படியோ கலந்திருக்கும்ங்க" என்றேன்.

வீடியோவை அனுப்பினார். பார்த்தேன்.

சுவரோரம் நானும் அண்ணியும் நிற்கிறோம். கேமராவையே பார்த்தபடி. கண் சிமிட்டாமல்.

என் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.

விரலை நான் அறுத்துக்கொண்டது அன்று காலையில்தான்.