எரிஞ்சாதான் வேலை செய்யுது

கன்னியம்மாவின் தலையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கேப்பைக் கழற்றினேன். டவலால் உச்சியை ஒற்றியபோது மேல்தோல் டவலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பு. அந்தம்மா கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருபத்தாறு வருடமாக பார்லர் வேலை செய்கிறேன். மணப்பெண் மேக்கப் கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் கெடுத்த இந்த ஒரு தலையைப் பற்றிப் படித்தால் போதும்.

1. இரண்டு மூடி

ஆப்பிள் சைடர் வினிகரை நாங்கள் ஏசிவி என்போம். ஷாம்பு போட்டு அலசிய பிறகு, ஒரு மக் தண்ணீரில் இரண்டு மூடி கலந்து ஊற்றி, இரண்டே நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். பிசுக்கு போகும், முடி வழுவழுவென்று விழும். அதற்குமேல் அதில் மாயம் எதுவும் இல்லை. போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, வழுக்கையில் முடி முளைக்குமா என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அளவுக்கு நேர்மை இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

புண் உள்ள தலையில் ஏசிவி ஒரு சொட்டு படக் கூடாது. அதனால் முதல் வேலை ஸ்கால்ப் செக். சீப்பின் வாலால் முடியை வகிர்ந்து, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதோடு எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பிளீச்சோ வேறெதுவோ போடும்போது கஸ்டமர் எரிகிறது என்றால், "எரிஞ்சாதான் மேடம் வேலை செய்யுது" என்போம். நான் வேலை பழகிய இடத்தில் ஓனரம்மா சொல்வார். என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வரியைக் கேட்டால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

2. மீன்காரம்மா

கன்னியம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருபவர். சேலைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருக்களில் விற்பார். வாரம் தவறாமல் அவரிடம்தான் சங்கரா வாங்குவேன். ஒருநாள் மத்தியானம், கூடை இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு பார்லர் வாசலில் நின்றார்.

"இன்னாம்மா, வெளிய நிக்கிறீங்க?" என்றேன்.

"மேடம், தலைல ஏறிக்கீற இந்தக் கவுச்சி நாத்தம் போவுமா? சீயக்கா போட்டாலும் போவ மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம பொண்ண பாக்க வராங்கோ. மாப்ள ஆபீஸ்ல வேல செய்றாரு. நான் கிட்டக்க போயி காபி குட்த்தா அவங்க மூக்க சுளிக்கக் கூடாது. அத்த மட்டும் பண்ணிக் குடுங்க மேடம்."

"போகும், உட்காருங்க" என்றேன்.

அவர் ஆய்ந்து கொடுத்த மீன் என் வீட்டுக் குழம்பில் கொதிக்கலாம். அவர் தலையைத் தொட மட்டும் எனக்கு அருவருப்பாக இருந்தது. இதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு மாஸ்க் போட்டேன். கிளவுஸ் மாட்டினேன். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே அவசரமாக ஷாம்பு போட்டு அலசினேன். ஸ்கால்ப் செக் செய்யவில்லை. நாற்றம் பலமானது, இரண்டு மூடி எதற்குக் காணும் என்று ஏசிவி பாட்டிலை அப்படியே கவிழ்த்து ஊற்றி, கேப்பைப் போட்டு மூடினேன். மீன் கழுவுகிற நினைப்பில்தான் அந்தத் தலையைக் கழுவியிருக்கிறேன்.

"மேடம், எரியுது."

"எரிஞ்சாதான் வேலை செய்யுது. கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா."

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணுக்குப் புருவ த்ரெட்டிங் செய்யப் போனேன். கண்ணாடியில் கன்னியம்மாவின் கண்ணில் நீர் வழிவது தெரிந்தது. மகள் கல்யாணத்தை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடம்!

கேப்பைக் கழற்றியதும் பதறிப்போய்த் தண்ணீராக ஊற்றினேன். "ஏம்மா இவ்ளோ நேரம் சொல்லல?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"சொன்னேனே மேடம். நீங்கதான எரிஞ்சா வேல செய்யுதுன்னீங்க. அதான் பல்ல கட்ச்சிகினு குந்திகினு இருந்தேன்."

3. அதன் பிறகு

ஆட்டோவில் தாம்பரத்துக்கு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தினமும் சும்மாடு தேய்த்து, கூடையிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பட்டு, உச்சியில் ஏற்கெனவே புண் இருந்திருக்கிறது. கிளவுஸ் இல்லாமல் விரல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "புண்ணு மேல நேரா ஊத்தி, மூடி வேற வச்சிருக்கீங்க. இவங்க என்ன ஊறுகாயா?"

புண் சீழ் பிடித்து ஆற மாதக்கணக்கானது. அந்த இடத்தில் இனி முடி வராது, தலையில் பாரம் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, தலையில் கட்டோடு கன்னியம்மா அடுப்பங்கரையைவிட்டு வெளியே வரவில்லை. அவருடைய அக்காதான் காபி கொடுத்துப் பேசி முடித்தாராம். தெருத்தெருவாகப் போன வியாபாரமும் போயிற்று. இப்போது ஜங்ஷனில் ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்கிறார். ஒரு கடைக்காரர் விரட்டினால் அடுத்த கடை ஓரத்துக்கு நகர்கிறார்.

நான் கற்றது இதுதான். வெறும் விரலால் தொடாத தலையில் எதையும் ஊற்றாதீர்கள். எரிகிறது என்று சொன்னால் அந்த நொடியே கழுவுங்கள். 'எரிஞ்சாதான்' என்கிற அந்த வரியை நான் விட்டுவிட்டேன். விட்டு என்ன, அந்த உச்சியில் ஒரு முடிகூட முளைக்கப்போவதில்லை.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கன்னியம்மா சங்கராவை ஆய்ந்துகொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்று எப்போதும் போல நின்றேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மேடம், அன்னிக்கு அந்த நாத்தமாவது போச்சா?"

"போச்சும்மா" என்றேன்.

எனக்குத் தெரியாது. அன்று நான் மூக்கால் மூச்சே விடவில்லை.