வெளுத்த வீரபத்திரர்

எங்கள் குலசாமி வீரபத்திரர் கோயிலில் இருக்கமாட்டார். பங்காளிகள் வீட்டில்தான் இருப்பார். கையில் வாளும் கேடயமும் வைத்திருக்கிறவரைக் கள்ளனுக்குப் பயந்து நாங்கள் பீரோவில் பூட்டிக் காப்பாற்றினோம். முழ உயரத்து வெண்கலச் சிலை. எத்தனை தலைமுறைக்கு முந்தியது என்று யாருக்கும் தெரியாது. விளக்குப் புகையும் எண்ணெயும் ஏறி, மீசை எது முகம் எது என்று தெரியாத கறுப்பு. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. நான் மூன்றாவது படித்த வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

கோயில் பொங்கலுக்கு முன்னால் சாமியைப் புளி போட்டு விளக்குவது வழக்கம். அம்மா புளியை ஊறவும் வைத்துவிட்டாள். அப்பா கேட்டால்தானே? அவருக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. தப்பாக ஏறிய சாயத்தையே துணியிலிருந்து உரித்தெடுக்கிறவருக்கு இந்தக் கறுப்பு ஒரு பொருட்டா? சாமியைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி வண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஆசிட்டில் முக்கி எடுத்தார். சாயங்காலம் திரும்பி வந்த சாமியைப் பார்த்து நான் கை தட்டினேன். கடையில் அன்றைக்கு வாங்கின குத்துவிளக்கு மாதிரி அப்படியொரு மினுமினுப்பு. அம்மா அப்பாவின் கொப்புளித்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

கோயில் குன்னத்தூருக்குப் பக்கத்தில். அங்கே துணியை விலக்கியதும் பங்காளிகள் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். சிலைக் கடத்தல் செய்தி டிவியில் தினமும் ஓடிக்கொண்டிருந்த காலம். பழசை விற்றுவிட்டுப் புதுசு வார்த்துக் கொண்டுவந்துவிட்டார் என்று முதலில் யார் முணுமுணுத்தார்களோ, கொஞ்ச நேரத்தில் எல்லோர் முகத்திலும் அதுதான் இருந்தது. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனான பெரியப்பா சத்தமே போடவில்லை.

"நம்ம சாமி எங்க தம்பி?"

"இதுதானுங்கண்ணா. ஆசிட்ல களுவுனதுல இப்படி வெளுத்துப்போச்சுங்க."

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார் அப்பா. பெரியப்பா தலையை ஆட்டினார்.

"சாமியே இது இல்லைங்கறப்ப, இது முன்னால கற்பூரம் அணைச்சு என்ன தம்பி ஆவுது? புள்ள தலைல கை வெச்சுச் சொல்லிப்போடு. உட்டுர்றோம்."

என்னை முன்னால் நிறுத்தினார்கள். கை வைக்கத் தோதாக, வைத்திருந்த பூவை ஒதுக்கிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தேன். அப்பாவின் கை என் உச்சிவரை வந்தது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"வேண்டாங்கண்ணா. புள்ளைய உடுங்க."

அவ்வளவுதான். அன்றோடு அப்பா சாமியை விற்றவர் ஆனார். சாகும்வரை அவரை அந்தக் கோயிலுக்குள் விடவில்லை, அவரும் போகவில்லை. பாவி மனுஷன், சொல்லப்போவது சத்தியமே என்றாலும் என் தலையைப் பணயம் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

இதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, பொய் இல்லையென்றால் எதற்குக் கையை எடுத்தார் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே போய்க் கட்டிலுக்கு அடியில், பழைய சாமி இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தேன். எழுந்து திரும்பியபோது அப்பா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.